கையளவு துப்பாக்கி வேண்டாம், கைக்கு அளவான துப்பாக்கி வேண்டும்

துப்பாக்கிச் சுடுதல் கழகங்களின் பயிற்சிக் குழுவினருக்கும், பயிற்சிக்கான துப்பாக்கிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

புதிதாகச் சுடக் கற்க வருகிறவரைப் பார்த்ததும் "இவருக்குச் சின்னதா, லேசா ஒரு பிஸ்டல் கொடுங்கள்" என்று சொல்லும் பழக்கம் பல கழகங்களில் ஊறிப்போயிருக்கிறது. கை சிறியது, உடல் ஒல்லி, முகத்தில் பயம் தெரிகிறது. உடனே அலமாரியில் இருப்பதிலேயே மிகச் சிறிய துப்பாக்கி வெளியே வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சிறிய துப்பாக்கிதான் பெரும்பாலும் அந்த அலமாரியிலேயே சுடுவதற்கு மிகக் கடினமானது. பல வருடம் சுட்டவர்களே அதைக் கொண்டு கடுதாசியில் ஒரு கொத்தாகத் துளை போடத் திணறுவார்கள். அதை முதல் நாள் மாணவரிடம் நீட்டிவிட்டு "பயப்படாமல் சுடுங்கள்" என்கிறோம்.

புதியவருக்குச் சிறிதாக இருக்க வேண்டியது தோட்டா. துப்பாக்கி, அவர் கை சுற்றிப் பிடிக்கக்கூடிய அளவுக்குள் எவ்வளவு பெரியதாகவும் கனமாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தோம். காரணங்களையும் வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் கீழே விரிவாக எழுதியிருக்கிறோம்.

முதலில் உதை. குண்டும் வெடிவாயுவும் முன்னே கொண்டுபோகும் உந்தத்தை வர்க்கப்படுத்தி, துப்பாக்கி நிறையின் இரண்டு மடங்கால் வகுத்தால் துப்பாக்கி பின்னுக்கு வரும் ஆற்றல் கிடைக்கும். ஆகவே அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்காகும். .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் வழக்கமான குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். பிஸ்டல் குழலிலிருந்து அது நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 1.1 கிலோ எடையுள்ள பிஸ்டலில் இதன் உதை சுமார் 0.4 ஜூல். அதே தோட்டாவை 415 கிராம் துப்பாக்கியில் போட்டால் சுமார் 1 ஜூல். இப்போது .380 ஏசிபி தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு 95 கிரெய்ன், 6.2 கிராம். 270 கிராம் அளவுள்ள சட்டைப்பைத் துப்பாக்கியில் அதன் உதை 6 ஜூலை ஒட்டி வருகிறது. முழு அளவு இரும்புச் சட்டகம் கொண்ட 1.1 கிலோ 9 மி.மீ. துப்பாக்கியில், 115 கிரெய்ன் குண்டோடு, 4.5 ஜூல் அளவுதான். "பெரிய" 9 மி.மீ.யைவிட "சின்ன" .380 அதிகமாக உதைக்கிறது. கனமான .22-ஓடு ஒப்பிட்டால் பதினைந்து மடங்கு. கடுகு சிறுத்தால் காரம் குறையாது என்பார்கள். இங்கே சிறுக்கச் சிறுக்கக் காரம் ஏறுகிறது.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், மாணவரின் மூளை இதை ஐந்தாறு சுடுதலுக்குள் மனப்பாடம் செய்துவிடும். அடி விழப்போகிறது என்று தெரிந்த கை, டிரிகர் விடுபடும் கணத்துக்குச் சற்று முன்பே இறுகி, உதையை எதிர்த்து முன்னால் தள்ளும். குழல்வாய் தாழும். வலக்கைக்காரரின் குண்டுகள் இலக்குக்குக் கீழே, இடப்பக்கமாகப் போய் விழும். இதைத் துணுக்குறுதல் என்றோ வெடுக்குதல் என்றோ உங்கள் கழகத்தில் எப்படி வேண்டுமானாலும் அழைக்கலாம். ஒரு மாலைப் பொழுதில் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைக் கழற்ற மாதங்கள் ஆகும். மாணவருக்குத் தான் அதைச் செய்வது தெரியவே தெரியாது. உதை அதை மறைத்துவிடும். தோட்டாவுக்கு இடையில் அவருக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைச் செருகினால்தான், சத்தமே வராத அந்த ஒரு தடவை, குழல்வாய் குனிவதை அவரே தன் கண்ணால் பார்ப்பார்.

வெடுக்குதலுக்கு உதையைப் போலவே சத்தமும் பெரிய காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். .22 பிஸ்டலின் ஓசையும் 140 டெசிபலைத் தாண்டும். அது "சின்ன சத்தம்" அல்ல. கூரையுள்ள சுடுதளத்தில் காதுக்குள் நுரை அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் இரண்டும் போடுங்கள். பக்கத்து வரிசையில் ஒருவர் பெரிய துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் முதல் வகுப்பை வைக்கவே வைக்காதீர்கள். கையில் .22 இருந்தும் பக்கத்து வெடிக்குத் துணுக்குறும் மாணவருக்கு, நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய துப்பாக்கி எந்த உதவியும் செய்யாது.

அடுத்து டிரிகர். எடை என்று வந்தாலே எல்லோரும் துப்பாக்கியின் எடையை மட்டும் கேட்கிறார்கள். நாங்கள் கேட்பது இரண்டு எடைகளுக்கும் உள்ள விகிதம். டிரிகரை விடுவிக்கத் தேவைப்படும் அழுத்தம், துப்பாக்கியின் எடையைப் போல் எத்தனை மடங்கு? 1.1 கிலோ இலக்குத் துப்பாக்கியில் டிரிகர் 1.3 கிலோ என்றால் விகிதம் ஏறத்தாழ ஒன்று. 350 கிராம் துப்பாக்கியில் 2.8 கிலோ டிரிகர் என்றால் எட்டு. எட்டு மடங்கு விசையை ஒற்றை விரலால் கொடுக்கும்போது, அந்த லேசான துப்பாக்கியை அசையாமல் பிடித்திருப்பது கையின் வேலையாகிறது. அந்த வேலையைச் செய்யத்தான் மாணவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. பயிற்சித் துப்பாக்கிக்கு 1 முதல் 2 கிலோ வரையுள்ள, இழுபறியில்லாமல் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் விடுபடும் டிரிகர் பொருத்தமானது. ஒரு கிலோவுக்குக் கீழே போவதும் நல்லதல்ல. முதல் நாள் விரலுக்கு அது எதிர்பாராமல் விடுபட்டுவிடும். சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளிலும் 25 மீட்டர் பிஸ்டலுக்கு டிரிகர் குறைந்தது 1,000 கிராம் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது.

குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. இந்தத் தூரம் 100 மி.மீ. உள்ள துப்பாக்கியில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் குண்டு 100 மி.மீ. விலகும். 220 மி.மீ. உள்ள இலக்குத் துப்பாக்கியில் அதே தவறுக்கு 45 மி.மீ.தான் விலகல். தவறு ஒன்றே, தண்டனை இரண்டு மடங்குக்கு மேல். புதியவருக்குத் தன் தவறு எது, துப்பாக்கியின் குணம் எது என்று பிரித்தறிய முடியாது. அதனால் தனக்குக் கை வரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேல்புறம் முன்பின் நகரும் பாகத்தை, இழுக்க முடியவில்லை என்ற புகாரும் இங்கேதான் வருகிறது. "கையில் பலமில்லை, அதனால் சின்ன துப்பாக்கி கொடுத்தோம்" என்பார்கள். சிறிய .380 துப்பாக்கிகள் பலவற்றில் குழலைப் பூட்டும் அமைப்பு கிடையாது. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் விறைப்பும் மட்டுமே வெடிப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. வால்தர் பிபிகே இதற்குத் தெரிந்த உதாரணம். ஸ்லைடு சிறியது என்பதால் வில் விறைப்பாக இருந்தே ஆக வேண்டும்; விரல் பிடிக்க இடமும் குறைவு. பலம் குறைந்த கைக்கு இதைவிடப் பொருந்தாத அமைப்பு இருக்க முடியாது. உண்மையிலேயே .380 தேவைப்பட்டால், குழல் பூட்டும் அமைப்போடு, வில்லை வேண்டுமென்றே இளக்கிச் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்ட் ஈஸி போன்றவை இருக்கின்றன. 2018-இல் வந்த அந்தத் துப்பாக்கி 520 கிராமை ஒட்டிய எடை உடையது. அதுவும் இரண்டாம் கட்டத்துக்குத்தான், முதல் வகுப்புக்கு அல்ல.

முதல் வகுப்புக்கு .22 லாங் ரைஃபிள். 1887-இல் வந்த தோட்டா இது. இந்த வேலைக்கு இதை அடிக்க இன்னொன்று வரவில்லை. எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு எங்கள் பதில் குழல் அசையாத இலக்குத் துப்பாக்கிகள்: ரூகர் மார்க் 4, பிரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டபிள்யூ22 விக்டரி. மூன்றிலும் மேகசினின் (தோட்டா அடுக்கும் கூடு) கொள்ளளவு 10. எடை, எந்த மாதிரி என்பதைப் பொறுத்து, பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். சுடும்போது பின்னால் உள்ள சிறிய பகுதி மட்டுமே நகரும். பின்னுக்கு இழுக்க அதிக பலம் வேண்டாம். கடைசித் தோட்டா முடிந்ததும் திறந்தே நிற்கும். இந்தக் கடைசிக் குணம் பயிற்றுநருக்குப் பொன் போன்றது. துப்பாக்கி காலி என்பதை மூன்றடி தள்ளி நின்றே பார்த்துவிடலாம். 1949-இல் வந்த ரூகர் ஸ்டாண்டர்டிலும் அதன் வழிவந்த மார்க் 1-இலும் இந்த வசதி கிடையாது. மார்க் 2-இல்தான் வந்தது. அருமையான பழைய துப்பாக்கிகள்தான், சேகரிப்பாளர் வைத்துக்கொள்ளட்டும். வகுப்புக்கு வேண்டாம்.

இந்த மூன்றில் எதை என்று சண்டை போடுபவர்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: துப்பாக்கியைக் கழற்றி மாட்டப்போவது யார்? மார்க் 2, மார்க் 3 வகைகளைக் கழற்றியவர்களுக்குத் தெரியும். கழற்றுவது எளிது, மாட்டும்போது ஹேமரின் (ஊசியை அடிக்கும் சுத்தியல்) பின்னால் உள்ள சிறு தண்டு சரியான இடத்தில் உட்காராவிட்டால் முழுத் துப்பாக்கியும் முரண்டு பிடிக்கும். 2016-இல் வந்த மார்க் 4-இல் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பகுதி மடங்கித் திறந்துவிடுகிறது. குழலை, தோட்டா உட்காரும் அறைப் பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யலாம். விக்டரியில் ஒரே ஒரு அறுகோணத் திருகு. பக் மார்க்கில் மேலே உள்ள திருகுகளைக் கழற்ற வேண்டும். அவை தளர்ந்தால் பின்குறியே ஆடும் என்பதால் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கழற்றக் கடினமான துப்பாக்கி சுத்தம் செய்யப்படாது. சுத்தம் செய்யாத .22 வகுப்பு நடுவில் மக்கர் செய்யும்.

பழைய மார்க் 4 கைக்கு வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2017 ஜூன் 1-க்கு முன் செய்தவற்றை அந்த நிறுவனமே திரும்ப அழைத்தது. சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) நெம்பு பாதியில் நிற்கும்போது டிரிகரை அழுத்தியிருந்தால், பிறகு டிரிகரை விடும்போதோ நெம்பைத் தள்ளும்போதோ வெடிக்க வாய்ப்பிருந்தது. வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் அந்தத் துப்பாக்கியை மாணவர் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொரு வகை, 9 மி.மீ. துப்பாக்கிகளின் உருவத்தில் வரும் .22-கள். வால்தர் பி22, ரூகர் எஸ்ஆர்22, டாரஸ் டிஎக்ஸ்22, குளாக் 44. "சின்னதா ஒன்று" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது முதல் இரண்டைத்தான். 500 கிராம் அளவில், சிறிய பிடியோடு, பார்க்க அழகாக இருக்கும். சிக்கல் டிரிகரில் இருக்கிறது. இரண்டிலும் ஹேமர் இறங்கியிருந்தால் முதல் சுடுதல் நீண்டு கனக்கும்; இரண்டாவதிலிருந்து குறுகி இளகும். டிரிகரை ஒரே சீராக அழுத்து என்று சொல்லிக்கொடுக்கும் வேளையில் துப்பாக்கியே சீராக இல்லை. இதைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் ஹேமரை மேலே ஏற்றிவிட்டுச் சுடச் சொல்லுங்கள். பி22-இன் ஸ்லைடு துத்தநாகக் கலவையில் வார்த்தது என்பதையும் மனதில் வையுங்கள். ஒருவர் வாரம் ஒரு பெட்டி சுடுவதற்கும், ஒரு கழகம் நாளெல்லாம் சுடுவதற்கும் வித்தியாசம் உண்டு. டிஎக்ஸ்22-இன் மேகசினில் 16 தோட்டா போகும். போகும் என்பதற்காகப் போட வேண்டியதில்லை. குளாக் 44, குளாக் 19-இன் அளவே கொண்டது. பின்னால் 9 மி.மீ.க்குப் போகப்போகிறவருக்கு நடுப்படியாக நன்றாக உதவும். இவை எல்லாமே லேசானவை என்றாலும் .22 என்பதால் உதை தொல்லை செய்யாது. ஆனால் தோட்டா விஷயத்தில் இவற்றுக்குச் சற்று நாக்கு நீளம். அதைக் கீழே சொல்கிறோம்.

ரிவால்வர் பற்றிச் சுருக்கமாக. .22 ரிவால்வரின் ஹேமரை ஏற்றிவிட்டுச் சுட்டால் டிரிகர் இதமாக இருக்கும், எத்தனை தோட்டா இருக்கிறது என்பதும் உருளையைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரியும். ஹேமரை ஏற்றாமல் சுட்டால் கதை வேறு. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பை நசுக்க ஊசி பலமாக அடிக்க வேண்டியிருப்பதால், .22 ரிவால்வரின் இந்த இழுப்பு பெரிய தோட்டா ரிவால்வரைவிடக் கடினமாகவே அமையும். எஃகில் செய்த, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட ரிவால்வர் ஒன்று கழகத்தில் இருப்பது நல்லது. ஸ்லைடு என்றாலே தடுமாறும் மூட்டுவலிக்காரர்களுக்கு அதுதான் கைகொடுக்கும். குட்டைக் குழல் ரிவால்வர் வேண்டாம்.

காற்றுத் துப்பாக்கியை ஏனோ பலர் விளையாட்டுப் பொருளாக நினைக்கிறார்கள். ஒலிம்பிக்கில் 10 மீட்டரில் சுடுவது 4.5 மி.மீ. காற்றுப் பிஸ்டலால்தான். அதன் எடை 1,500 கிராமுக்குள், டிரிகர் 500 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சத்தமும் உதையும் அநேகமாக இல்லை என்பதால், பயம் அதிகமுள்ளவருக்கு முதல் இரண்டு வகுப்புகளை இதிலேயே நடத்தலாம். குறிபார்ப்பது, மூச்சு, டிரிகர், சுட்டபின் அசையாமல் நிற்பது எல்லாம் இதிலேயே வந்துவிடும். போட்டிக்கான காற்றுப் பிஸ்டலின் மரப்பிடி ஒரு கைக்கென்றே செதுக்கியது. இரண்டு கையால் பிடிக்கும் தொடக்கக்காரருக்கு அது ஒத்துவராது; பயிற்சிக்குச் சாதாரணப் பிடியுள்ளதை வாங்குங்கள்.

இனி கைக்கு அளவு பார்ப்பது. இதற்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் யாரும் செய்வதில்லை. மேகசினை எடுத்து, ஸ்லைடைத் திறந்து, அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதித்தபின், துப்பாக்கியை மாணவரின் கையில் வையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை பிடியின் உச்சியில் போய் ஒட்ட வேண்டும். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்த நிலையிலிருந்து பிடியைத் திருகாமல் ஆள்காட்டி விரலை டிரிகரில் வைக்கச் சொல்லுங்கள். முதல் கணுவின் மெத்தென்ற சதைப்பகுதி நடுவில் பட வேண்டும். நுனி மட்டுமே எட்டினால் பிடி பெரிது. கணுவின் மடிப்பு வரை உள்ளே போனால் பிடி சிறிது, விரல் பக்கவாட்டில் இழுக்கும். கடைசியாகச் சுண்டுவிரல். அது பிடிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிடிக்காத துப்பாக்கி ஒவ்வொரு சுடுதலுக்கும் கையில் நழுவும்.

சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கிதான் என்பதில்லை, மெல்லிய பிடி போதும். மார்க் 4-இலேயே 22/45 என்ற வகையின் பிடி மெலிந்தது, கோணமும் வேறு; அதன் லைட் வகை 700 கிராம் அளவில் இருக்கிறது. சில துப்பாக்கிகளில் பிடியின் முதுகுப் பட்டையை மாற்றலாம். இடக்கைக்காரர் வருவார் என்பதை மறந்துவிட்டு வாங்கும் கழகங்களும் உண்டு. சேஃப்டி இரண்டு பக்கமும் இயங்குகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள்.

தோட்டா. எங்களைக் கேட்டால் துப்பாக்கியைவிட இதில்தான் கழகங்கள் அதிகம் கோட்டை விடுகின்றன. .22 தோட்டாக்கள் மேலோட்டமாக இரண்டு வேகத்தில் வருகின்றன. சிசிஐ நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போன்றவை நொடிக்கு 1,070 அடி. அதே நிறுவனத்தின் மினி மேக் போன்றவை 1,235 அடி. இவை நீண்ட குழலில் அளந்த எண்கள்; பிஸ்டலில் இரண்டுமே குறையும். மார்க் 4, பக் மார்க், விக்டரி மூன்றும் வேகம் குறைந்ததிலும் நன்றாக ஓடும். பி22 போன்ற சிறியவற்றுக்கு வேகம் அதிகமான தோட்டா வேண்டும், இல்லையென்றால் ஸ்லைடு முழுதாகப் பின்னுக்குப் போகாது. வெற்றுக்கூடு வெளியேறும் வாயிலில் புகைபோக்கி மாதிரிச் செங்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கும். இதனுடன் புதியவரின் தளர்ந்த மணிக்கட்டும் சேர்ந்துவிட்டால், ஸ்லைடுக்குப் போக வேண்டிய ஆற்றலைக் கையே விழுங்கிவிடும். பயிற்றுநர் சுட்டால் நன்றாக ஓடும் துப்பாக்கி மாணவர் கையில் மட்டும் சிக்குவதன் ரகசியம் இதுதான். எதிர்முனையில், போட்டிக்கென்றே செய்த விலையுயர்ந்த .22 பிஸ்டல்களில் வேகத் தோட்டா போட்டால் பாகங்கள் அடிபடும்.

ஆகவே மொத்தமாக வாங்கும் முன் மூன்று வகைத் தோட்டாவில் தலா 100 எடுத்து, ஒருவர் இறுக்கிப் பிடித்தும் இன்னொருவர் வேண்டுமென்றே தளர்வாகப் பிடித்தும் சுட்டுப் பாருங்கள். எத்தனை தடவை சிக்கியது, என்ன மாதிரிச் சிக்கல் என்று எழுதுங்கள். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் சிக்கினால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. விலை மலிவு என்பதற்காக வாங்கினால், வகுப்பு நேரம் சிக்கல் எடுப்பதிலேயே போய்விடும்.

வெடிக்காத தோட்டா .22-இல் சாதாரணம். பற்றவைக்கும் மருந்து தோட்டா விளிம்பின் உட்புறம் முழுக்கச் சுற்றிப் படிந்திருக்க வேண்டும்; ஊசி அடிக்கும் இடத்தில் அது இல்லையென்றால் வெடிக்காது. டிரிகரை அழுத்தி எதுவும் நடக்காவிட்டால் மாணவர் துப்பாக்கியைத் திருப்பி முகத்துக்கு நேராகப் பார்க்கத்தான் போவார். மனித சுபாவம் அது. அதனால் சுடத் தொடங்கும் முன்பே, "சத்தம் வராவிட்டால் குழல்வாய் இலக்கைப் பார்த்தபடியே, விரல் வெளியே, மற்ற கையை உயர்த்து" என்பதை வெறும் துப்பாக்கியோடு மூன்று முறை செய்ய வையுங்கள். 30 நொடி காத்திருந்து பயிற்றுநர் எடுக்கட்டும். அந்தத் தோட்டா தனி டப்பாவுக்குப் போகட்டும். மறுபடி மேகசினுக்குள் போகக் கூடாது. இதைவிட ஆபத்தானது வழக்கத்தைவிட மெலிதாகப் "புஸ்" என்று கேட்கும் சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பிவிடும். துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் கோல் விட்டுப் பார்க்கும் வரை அந்தத் துப்பாக்கி வகுப்பில் இல்லை.

மேகசின் நிரப்புவதிலும் ஒரு நுணுக்கம். .22 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் பூட்டிக்கொண்டு அறைக்குள் ஏறாது. பக்கவாட்டுப் பொத்தானை ஒரேயடியாக அடிவரை இழுத்துத் தோட்டாக்களைக் கொட்டினால் இதுதான் நடக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தேவையான அளவு மட்டும் பொத்தானை இறக்கச் சொல்லுங்கள்.

முதல் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் வெடியில் அதிரும் கை தன்னையறியாமல் மறுபடி அழுத்தும். துப்பாக்கி அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்று, ஒன்று, ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. தூரம் 5 மீட்டர் போதும். இலக்காக வட்டங்கள் அச்சிட்ட தாளுக்குப் பதில் ஒரு வெள்ளைத் தாள் மாட்டுங்கள். எண் இல்லாத இடத்தில் கண் முன்குறியிலேயே நிற்கும். ஒரு வகுப்புக்கு 50 தோட்டா. அதற்குமேல் கை சோர்ந்து, கற்றது கழன்றுபோகத் தொடங்கும்.

வெற்றுக்கூடு சூடாக இருக்கும். சட்டைக் கழுத்துக்குள் ஒன்று விழுந்தால் மாணவர் துப்பாக்கியோடு துள்ளிக் குதித்துத் திரும்புவார். கழுத்தை மூடிய உடை, முன்விளிம்புள்ள தொப்பி, பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். வரிசைகளுக்கு இடையே தடுப்புப் பலகை இருக்கட்டும். பயிற்றுநர் துப்பாக்கி பிடித்த கையின் பக்கம், கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

தோட்டா இல்லாமல் டிரிகர் பழகுவதில் .22-க்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அறை காலியாக இருக்கும்போது ஊசி நேராக அறையின் விளிம்பு எஃகில் அடித்து அதைப் பள்ளமாக்கலாம். சில துப்பாக்கிகளில் ஊசியைத் தடுக்கும் குறுக்குத் தண்டு இருக்கிறது, சிலவற்றில் இல்லை, கையேட்டைப் பாருங்கள். ஐயமிருந்தால் போலித் தோட்டா போடுங்கள். .22 போலித் தோட்டாவின் விளிம்பு சீக்கிரம் நசுங்கும். சில அடிகளுக்கு ஒருமுறை திருப்பி, தேய்ந்ததும் எறிந்துவிடுங்கள். மேகசின் இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாத அமைப்பு மார்க் 4-இலும் விக்டரியிலும் இருக்கிறது. "மேகசினை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி" என்ற தப்பான பாடத்தை மாணவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடும். இன்னொரு துப்பாக்கியில் அந்தப் பாடம் உயிருக்கு உலை வைக்கும். அறையைப் பார்த்தே தீர வேண்டும், ஒவ்வொரு முறையும்.

ஈயத்தையும் மறக்க வேண்டாம். .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம்; பற்றவைக்கும் மருந்திலும் ஈயச் சேர்மம் உண்டு. வகுப்பு முடிந்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கை, முகம் கழுவாமல் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. கூரையுள்ள தளத்தில் காற்று சுடுபவரின் முதுகிலிருந்து இலக்குப் பக்கம் ஓட வேண்டும். கருவுற்றவர்களைச் சுடுதளத்துக்குள் அனுமதிக்காதீர்கள்.

உங்கள் கழகத்தில் ஒரு நேரத்தில் ஆறு பேருக்குப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாதிரியான .22 இலக்குத் துப்பாக்கி இரண்டு, மெல்லிய பிடியுள்ளது ஒன்று, எஃகு .22 ரிவால்வர் ஒன்று, காற்றுப் பிஸ்டல் ஒன்று. இவை போதும். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் நான்கு மேகசின். ஒவ்வொரு மேகசினிலும் எண் எழுதுங்கள். சிக்கல் மூன்றாம் எண் மேகசினில் மட்டும் வருகிறது என்று தெரிந்தால் துப்பாக்கியைக் குறை சொல்ல வேண்டியிருக்காது. உதிரியாக உதைவில், வெற்றுக்கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின் (ஊசி), மேகசின் வில் ஒவ்வொன்று. 300 தோட்டாவுக்கு ஒருமுறை அறை, எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி, தோட்டாவின் அடியை அணைக்கும் முகம் இவற்றைத் துடைத்து எண்ணெய் ஒரு துளி. குழலை அவ்வளவு தேய்க்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே வாங்கிவைத்த குட்டித் துப்பாக்கிகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். விற்க வேண்டாம். 500 தோட்டா சுட்டு, 10 மீட்டரில் ஐந்தையும் உள்ளங்கை அளவுக்குள் போடுகிறவர் வந்தால் அவருக்குக் கொடுங்கள். ஏன் கடினம் என்று அப்போது அவருக்கே புரியும், திருத்தவும் தெரியும். அதுவரை அவற்றின் பெட்டிமேல் "முதல் வகுப்புக்கு அல்ல" என்று ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள். வார இறுதியில் வேறொருவர் சாவி வாங்கிக்கொண்டு வருவார். இந்த மடலை அவர் படித்திருக்க மாட்டார்.

இப்படிக்கு,
தொடக்கநிலை வகுப்பெடுக்கும் பயிற்றுநர்கள் சிலர்